'ஞாபகம் நன்றாக இருக்கிறது' என்னும் நற்சான்று

டிமென்ஷியாவுக்குத் தமிழில் 'மறதி நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலும் மறதியும் முன்னுக்குப் பின் முரணான பேச்சும்தான் மனதில் தோன்றும். பெயரோடு ஒரு கருத்தும் சேர்ந்தே வேரூன்றியிருக்கிறது. மறதி வந்தால்தான் மூளை நோய். ஞாபகம் தெளிவாக இருப்பவருக்கு மூளையில் ஒன்றுமில்லை. அவர் நடத்தை கெட்டுப்போனால் அது குணக்கேடு, வயதுக் கோளாறு, கிரகக் கோளாறு, இல்லாவிட்டால் மனநோய். வீடுகளில் மட்டுமன்றிப் பல மருத்துவ அறைகளிலும் இந்தக் கருத்தே ஆட்சி செய்கிறது. இது தவறான கருத்து. இதனால் மிகுந்த கேடு விளைவது ஃப்ரண்டோடெம்பொரல் டிமென்ஷியா என்ற நோயில். சுருக்கமாக எஃப்.டி.டி.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் வேலை பெரிதும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியைச் சார்ந்தது. அல்சைமர் நோய் பெரும்பாலும் அங்கும் அதன் அக்கம்பக்கத்திலும் தொடங்குகிறது. அதனால்தான் அந்த நோயாளி காலையில் சாப்பிட்டதை மறக்கிறார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். எஃப்.டி.டி. தொடங்கும் இடம் வேறு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலும், பொட்டுக்கு உட்புறமுள்ள பொட்டுமடலின் முன்பகுதியும் முதலில் சுருங்குகின்றன. நாக்கை அடக்குவது, கூச்சப்படுவது, அடுத்தவர் முகம் வாடினால் துணுக்குறுவது, காலையில் எழுந்ததும் ஒரு வேலையைத் தொடங்குவது, போதும் என்று இலையை மூடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தப் பகுதிகள் வேண்டும். சொற்களின் பொருளைச் சேர்த்து வைப்பது பொட்டுமடல். ஹிப்போகாம்பஸ் தொடக்க காலத்தில் ஒப்பீட்டளவில் தப்பிவிடுகிறது. ஆகவே நோயாளிக்கு ஞாபகம் இருப்பதில் வியப்பில்லை. அது நோய் எங்கே தொடங்கியது என்பதைக் காட்டுகிறதே தவிர, நோய் இல்லை என்பதைக் காட்டவில்லை.

குறிப்பாகத் தாக்கப்படும் ஒரு வகை நரம்பணுவும் உண்டு. ஆஸ்திரிய நரம்பியலாளர் வான் எக்கோனமோ பெயரால் வழங்கும் அந்த அணுக்கள் மனிதர்களிடமும், மனிதக் குரங்கு, யானை, திமிங்கிலம் போன்ற, கூட்டமாக வாழும் பெரிய மூளையுள்ள சில விலங்குகளிடமும் காணப்படுகின்றன. நடத்தை மாறும் வகை எஃப்.டி.டி.யில் இவை தொடக்கத்திலேயே குறைந்துபோவதை 2006இல் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறரோடு இசைந்து வாழ்வதற்கும் மூளையில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் நோயுறும்போது அதைப் 'பண்பு கெட்டது' என்று சொல்வது, கால் முறிந்தவரைச் சோம்பேறி என்பதற்கு ஒப்பானது.

இது இளவயதினரின் நோய், அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு வராது என்ற எண்ணம் மருத்துவர்கள் சிலரிடமும் உண்டு. பெரும்பாலோருக்கு 45க்கும் 65க்கும் இடையில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது 65 வயதுக்குப் பிறகே தொடங்குகிறது. 1892இல் பிராக் நகரில் ஆர்னால்ட் பிக் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது அவர் முன்வைத்த நோயாளிக்கு வயது 71. பேச்சு சிதைந்துபோன அவருடைய மூளையில் இடப்பக்கப் பொட்டுமடல் சுருங்கியிருந்தது. 1911இல் இத்தகைய மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்து, அணுக்களுக்குள் உருண்டையான படிவுகளை விவரித்தவர் அலாய்ஸ் அல்சைமரேதான். தம் பெயரால் வழங்கும் நோயிலிருந்து இது வேறுபட்டது என்பதற்கான தடயத்தை அவரே கொடுத்துச் சென்று நூறாண்டுக்கு மேலாகிறது.

முதியவருக்கு வரும்போது கண்டறிவது கடினம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. முதிய வயதில் தொடங்கும் எஃப்.டி.டி.யில் நினைவுக் குறைவும் சேர்ந்தே வரலாம். அப்போது அல்சைமர் என்று முத்திரை குத்துவது எளிது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்ற ஒற்றை வரி விழுந்துவிடுகிறது. முன்மடல் மட்டும் மிகுதியாகச் சுருங்கியிருக்கிறதா, இடமும் வலமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று யாரும் கேட்காதபோது அந்த வரியோடு கதை முடிகிறது. ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர் 'ஒன்றரை ஆண்டாக நடத்தை மாற்றம். முன்மடல், பொட்டுமடல் பார்க்க' என்று எழுதி அனுப்பினால் படம் படிப்பவரின் கண் அங்கே போகும். கடினம் என்பது இன்னும் கூர்ந்து பார்க்கக் காரணமாக வேண்டும்.

நோய் வீட்டுக்குள் நுழையும் விதத்தைப் பார்த்தால், மறதி என்ற அளவுகோல் எவ்வளவு பொருந்தாதது என்பது புரியும். வாழ்நாளெல்லாம் வார்த்தையை அளந்து பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் நிறத்தைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே சொல்கிறார். பந்தியில் பக்கத்து இலையிலிருக்கும் ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்க, அவரைத் தாண்டிப் போய்க் காபி கேட்கிறார். இதை அந்த மனைவி ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார். ஆனால் செய்தவரிடம் கொடுமை செய்யும் எண்ணம் எள்ளளவும் இல்லை. அடுத்தவர் வலி அவரை எட்டுவதே இல்லை. எதிலும் ஆர்வமற்று மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். அல்லது ஒரே நேரத்தில், ஒரே தெருவில், ஒரே எண்ணிக்கையில் சுற்றி வருவார். மழை பெய்தாலும் நிற்க மாட்டார். இனிப்பைத் தொடாதவர் வெல்லத்தைக் கட்டி கட்டியாக விழுங்குவார். சீட்டுப் பணமும் மின்கட்டணமும் குளறுபடியாகும். இத்தனைக்கும் நடுவில் பேரனின் பிறந்தநாள் அவருக்கு நினைவிருக்கும்; வழி தவறாமல் வீடு திரும்புவார். வீட்டார் அதைக் கண்டு 'எல்லாம் தெரிந்துகொண்டே செய்கிறார்' என்று முடிவு கட்டுகிறார்கள்.

2011இல் வெளியான பன்னாட்டு வரையறை இந்தக் கோலங்களை ஆறாக வகுக்கிறது: கட்டுப்பாடிழப்பு, முனைப்பிழப்பு, பரிவிழப்பு, செய்ததையே செய்யும் கட்டாயம், உணவுப் பழக்க மாற்றம், திட்டமிடும் திறன் குன்றியும் நினைவும் இடவுணர்வும் ஓரளவு நிலைத்தும் இருத்தல். நாளடைவில் மோசமாகிவரும் ஒருவரிடம் இவற்றில் மூன்று இருந்தால் நடத்தை வகை எஃப்.டி.டி.யை ஐயுற வேண்டும் என்கிறது அது. ஆறாவது குறியைக் கவனிக்க வேண்டும். நினைவு நன்றாயிருப்பது அங்கே நோயை விலக்கும் சான்றாக வரவில்லை. நோய்க்குச் சாதகமான குறியின் ஒரு பகுதியாகவே வருகிறது.

மற்ற வகைகள் மொழியில் தொடங்குகின்றன. ஒன்றில் பேச்சு திக்கித் திணறும், வாக்கியம் குறுகும், வேற்றுமை உருபும் வினைமுற்றும் பிசகும். பக்கவாதம் என்று குடும்பம் நினைக்கும். பக்கவாதம் நிமிடங்களில் வருவது. இது மாதங்களில் வளர்வது. இன்னொன்றில் பேச்சு சரளமாகவே ஓடும், ஆனால் சொற்களுக்குப் பொருள் போய்விடும். 'கத்தரிக்காய் வாங்கி வாருங்கள்' என்றால் 'கத்தரிக்காய் என்றால் என்ன?' என்று உண்மையாகவே கேட்பார். 'மறதி நோய்' என்ற பெயர் இரட்டைக் கேடு செய்வது இங்கேதான். சொல்லின் பொருள் அழிந்ததையும் வீட்டார் 'மறந்துவிட்டார்' என்றே சொல்ல, மருத்துவர் அதை அல்சைமர் மறதியாக எடுத்துக்கொள்கிறார். நேற்று மாலை யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் அதே மனிதர் சரியாகச் சொல்வார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். ஆங்கில நூல்கள் இந்த வகைக்குச் சொல்லும் ஓர் அடையாளம், எழுத்துக்கும் ஒலிப்புக்கும் பொருத்தமில்லாத சொற்களைத் தவறாகப் படிப்பது. எழுதியபடி பெரும்பாலும் படிக்கப்படும் தமிழில் அந்த அடையாளத்துக்காகக் காத்திருந்தால் நோய் தப்பிப் போகும். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸின் குடும்பம் 2022 மார்ச்சில் அவருக்கு மொழி இழப்பு என்று அறிவித்தது; 2023 பிப்ரவரியில் அது எஃப்.டி.டி. என்று தெரிவித்தது. அங்கும் முதலில் வெளிப்பட்டது பேச்சுக் கோளாறுதான்.

குணக்கேடு என்ற வாதத்துக்கு வலுவான பதில் அந்த மனிதரின் பழைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. குணம் என்பது ஐம்பது ஆண்டுகள் உடனிருப்பது. அறுபத்தெட்டாவது வயதில் புதிதாக முளைத்து, இரண்டு ஆண்டுகளில் ஆளையே உருத்தெரியாமல் மாற்றுவதைக் குணம் என்று எப்படிச் சொல்வது? 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சான்பிரான்சிஸ்கோ நினைவு மையத்துக்கு 1999 முதல் 2012 வரை வந்த 2,397 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. சட்டத்தை மீறும் நடத்தை அல்சைமர் நோயாளிகளில் சுமார் 8 சதவீதத்தினரிடம் இருந்தது. நடத்தை வகை எஃப்.டி.டி.யில் 37 சதவீதம். கடையில் பொருளை எடுத்துக்கொண்டு நடப்பது, பொது இடத்தில் சிறுநீர் கழிப்பது, தகாத முறையில் தொடுவது போன்றவை அதில் அடங்கும். இவர்களில் பலருக்குச் செய்வது தவறு என்று கேட்டால் சொல்லத் தெரியும், நிறுத்தத்தான் முடியாது. செயலின் தன்மையை அறிய முடியாதவருக்கு, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அறிந்தும் அடக்க முடியாதவரை அந்தச் சொற்களுக்குள் கொண்டுவருவது எளிதன்று. ஆகவே காவல் நிலையத்தில் நிற்கும் முதியவருக்கு, சம்பவத்துக்கு முன்பே எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு ஒன்று இருப்பது பெரும் துணை.

மனநோய் என்ற முடிவு குணக்கேடு என்பதைவிடப் பரிவானது. ஆயினும் பெரும்பாலும் தவறானது. அதே சான்பிரான்சிஸ்கோ மையத்தின் 2011 ஆய்வில், நடத்தை வகை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதலில் கிடைத்தது மனநல நோய்ப்பெயர். அதில் மனச்சோர்வே முன்னணி. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மனச்சோர்வில் துயரம் இருக்கும், குற்றவுணர்வு இருக்கும், தம் நிலை பற்றிய வேதனை இருக்கும். எஃப்.டி.டி.யின் முனைப்பிழப்பில் இவை எதுவும் இராது. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றால் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பார், அதை நம்பியே சொல்வார். முதுமையில் முதன்முறையாக 'மனநோய்' தோன்றும் எவருக்கும் மூளையைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது.

அதற்காக நடத்தை மாறிய முதியவர் எல்லாருக்கும் எஃப்.டி.டி. என்றும் சொல்லிவிட முடியாது. முன்மடலை அழுத்தும் மெனிஞ்சியோமா கட்டி, தலையில் அடிபட்டு வாரங்களுக்குப் பிறகு தேங்கும் இரத்தக்கட்டு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சிறு சிறு பக்கவாதங்கள், நீண்ட காலக் குடி, சிபிலிஸ் ஆகியவையும் இதே வேடம் போடும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சூதாட்ட வெறியைக் கிளப்பும். இவற்றில் பல குணப்படுத்தக் கூடியவை. 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிடும் குடும்பம், தீராத நோயோடு தீரக்கூடிய நோய்களையும் சேர்த்தே தவறவிடுகிறது. அந்தப் பழமொழித்தனமான ஆறுதலுக்கு இதுவே கடுமையான மறுப்பு.

மறதியே அளவுகோல் என்ற கருத்துக்கு அடுத்த துணை, மருத்துவ அறையின் தேர்வுத்தாள். 1975 முதல் உலகமெங்கும் வழங்கும் 30 மதிப்பெண் மனநிலைத் தேர்வு தேதி, இடம், மூன்று சொற்களை நினைவுகூர்தல், பின்னோக்கி எண்ணுதல், படம் வரைதல் ஆகியவற்றைக் கேட்கிறது. முன்மடலின் வேலையை அது பெரிதும் தொடுவதில்லை. எஃப்.டி.டி. உள்ளவர் இதில் 28, 29 வாங்கிவிட்டு, எழுந்து போகும்போது மருத்துவரின் மேசையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்னக்கூடும். மதிப்பெண் கோப்பில் ஏறும், பிஸ்கட் ஏறாது. முன்மடலைப் பார்க்க 2000இல் வெளியான 18 மதிப்பெண் சோதனை ஒன்று இருக்கிறது. கையை முட்டி, விளிம்பு, உள்ளங்கை என்று மாற்றி மாற்றி மேசையில் வைக்கச் சொல்வது, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் அடுக்கச் சொல்வது போன்றவை அதில் உண்டு. பத்து நிமிடத்தில் முடியும். பழமொழிக்குப் பொருள் கேட்பதும் பழைய முறை. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றால் என்ன என்று கேட்க, 'யானை வழுக்கி விழும்' என்பதோடு நின்றுவிடுகிறார் என்றால், கல்வியறிவையும் கணக்கில் கொண்டு, அது குறித்துக்கொள்ளத் தக்கது. எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, வீட்டாரிடம் நோயாளி இல்லாதபோது தனியே பேசுவது. தம் மாற்றத்தை உணராமையே இந்த நோயின் இயல்பு என்பதால், நோயாளியை மட்டும் விசாரிப்பது வீண். எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டாத தொடக்க நிலையில் பெட் ஸ்கேன் முன்மடலின் சர்க்கரைப் பயன்பாடு குறைந்திருப்பதைக் காட்டக்கூடும்.

அந்தக் கருத்தின் கடைசி அரண், 'மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்?' என்ற கேள்வி. நோயை நிறுத்தும் மருந்து இல்லை என்பது மெய்யே. ஆனால் கண்டுபிடிக்காததால் நோயாளிகள் மருந்தில்லாமல் இருப்பதில்லை. தவறான மருந்துகளை விழுங்குகிறார்கள். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கூட்டுகிறது. எஃப்.டி.டி.யில் அந்த அமைப்பு பெரிதும் கெடுவதில்லை. மருந்து பயன் தராததோடு சிலருக்குக் கட்டுப்பாடின்மையைக் கூட்டவும் செய்கிறது. மெமான்டைனை 81 நோயாளிகளிடம் 26 வாரம் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு எந்தப் பயனையும் காணவில்லை. மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்றவை இவர்களுக்கு எளிதில் விறைப்பையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். டிமென்ஷியா உள்ள முதியவர்களில் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கிறது. அந்த விறைப்புக்கென்று சேர்க்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் குழப்பத்தை மேலும் கூட்டும். சரியான நோய்ப்பெயர் கிடைத்த அன்றே இவற்றில் பலவற்றை மருத்துவர் படிப்படியாக நிறுத்த முடிகிறது. செர்ட்ராலின் வகை மாத்திரைகள் கட்டுப்பாடின்மையையும் இனிப்பு வெறியையும் ஓரளவு தணிக்கலாம். டிராசோடோன் கிளர்ச்சியையும் உணவு வெறியையும் குறைத்ததாக 2004இல் ஒரு சிறிய பிரெஞ்சு ஆய்வு காட்டியது. மயக்கமும் இரத்த அழுத்தத் தாழ்வும் அதற்கான விலை.

மாத்திரையைவிடப் பெரிய பயன் வீட்டை மாற்றியமைப்பதில் இருக்கிறது. சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்தால் சண்டை பாதி குறையும். உணவைச் சிறு தட்டில், சிறு கவளமாக, ஒருவர் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும். வாயில் திணித்து மூச்சடைப்பது இந்த நோயில் உண்மையான ஆபத்து. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று வாதிடுவதில் பலனில்லை. வாதத்தை ஏற்கும் உறுப்புதான் நோயுற்றிருக்கிறது. கவனத்தை வேறொன்றில் திருப்பிவிட வேண்டும். செய்ததையே செய்யும் கட்டாயத்தைத் தடுப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது: தினசரி நடையைப் பாதுகாப்பான தெருவில் பழக்கலாம், கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, நாளிதழ் மடிப்பது என்று கைக்கு வேலை கொடுக்கலாம். வண்டிச் சாவியை எடுத்து வைக்க வேண்டும். பேச்சு குன்றுபவருக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் துணையும் படப் புத்தகமும் உதவும்.

பணமும் நிலமும் தனிக் கவலை. ஆவணம் எழுதித் தருபவர் புத்தி சுவாதீனமற்றவராகத் தோன்றினால் பதிவு செய்ய மறுக்கும்படி 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. எஃப்.டி.டி. நோயாளி சார்பதிவாளர் முன்பு தம் பெயர், தந்தை பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லித் தானப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். ஞாபகம் என்னும் நற்சான்று அங்கேயும் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. பொது அதிகாரப் பத்திரம் வாங்கி வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தால் அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. கூட்டுக் கணக்கு, கைபேசிப் பணப்பரிமாற்றத்துக்கு வரம்பு, உயில் ஆகியவற்றைத் தெளிவு இருக்கும் காலத்திலேயே, மருத்துவச் சான்றோடு முடிக்க வேண்டும். நோய்ப்பெயர் தாமதமானால் அந்தக் காலம் கடந்துவிடும்.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களுக்கும் நோய்ப்பெயர் தேவை. சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. டௌ, புரோகிரானுலின், சி9ஓஆர்எஃப்72 ஆகிய மூன்று மரபணுக்களின் மாற்றங்கள் முக்கியமானவை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு கடத்தப்படுபவை. மூன்றாவது மரபணு தசைகளை வாட்டும் ஏ.எல்.எஸ். நோயையும் கொண்டுவரும். கை கால் மெலிவதும் விழுங்க முடியாமையும் சேர்ந்தால் எஞ்சிய காலம் இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கிவிடுவதுண்டு. மற்றவர்களுக்கு, தொடக்கத்திலிருந்து எட்டு ஆண்டுகள் போல. பராமரிப்பவரின் சுமை அல்சைமர் குடும்பங்களில் இருப்பதைவிட இதில் கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நம் வீடுகளில் அந்தச் சுமை பெரும்பாலும் மனைவியின் தலையில் இறங்குகிறது; ஊர் அவரையே பழிக்கிறது. கணவர் பேசியது அவர் மூளையின் நோய் பேசியது என்று ஒரு மருத்துவர் வாய்திறந்து சொல்வது, அந்தப் பெண்ணுக்கு எந்த மாத்திரையாலும் ஆகாத உதவி.

முதியவர் ஒருவரின் நடத்தையோ பேச்சோ ஆறு மாதத்துக்கு மேலாக மாறி வருவதைக் காணும் குடும்பத்தார் ஒரு தாளில் என்ன மாறியது, எப்போது மாறியது, முன்பு எப்படி இருந்தார் என்று எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மனநல மருத்துவரிடமோ செல்ல வேண்டும். 'மறதி இருக்கிறதா?' என்று அவர் கேட்டால், 'மறதி இல்லை, ஆள் மாறிவிட்டார்' என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் இந்தியாவில் முதியோர் உதவி எண் 14567இலும் மனநல உதவி எண் 14416இலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.